"பிள்ளைகளுக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்"

இந்த வாக்கியத்தை எங்கெல்லாமோ கேட்டுவிட்டேன். ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீட்டுப் பந்தியில், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்கும் அம்மாக்களிடம். சில அப்பாக்களும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது அந்தப் பிள்ளையும் பக்கத்திலேயேதான் நிற்கும், பையின் வாரைத் திருகிக்கொண்டு, காதில் விழாதது போல. விழாமல் எப்படி இருக்கும்?

அம்மா தன் பொறுமையைச் சொல்கிறார். பிள்ளைக்குப் போய்ச் சேருவது வேறு: நான் இல்லையென்றால் அம்மா என்றைக்கோ நிம்மதியாகப் போயிருப்பாள். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டு வைத்திருந்தாள். நோட்டில் கையெழுத்து வாங்க வந்தவள் போகாமல் நின்றாள். "மிஸ், நான் ஹாஸ்டல்ல சேர்ந்துட்டா அம்மா பாட்டி வீட்டுக்குப் போயிடலாம்ல?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, தன் அம்மாவை விடுவிக்க வழி தேடிக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தைப் பெரியவர்கள் பேசும்போது கேள்வி எப்போதும் ஒன்றுதான். சேர்ந்து இருப்பது பிள்ளைக்கு நல்லதா, பிரிவது நல்லதா? கேள்வியே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் நிலைத்திருக்கிறதா இல்லையா என்பது ரேஷன் கார்டுக்குத் தெரிய வேண்டிய சங்கதி. குழந்தை கவனிப்பது, சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதை. அப்பா செருப்பைக் கழற்றி விடுகிற விதத்தை வைத்தே இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் மனநல நிபுணர் இல்லை, நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 1991இல் வந்த ஒரு வேலை. பால் அமேட்டோ, புரூஸ் கீத் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் அதுவரை நடந்திருந்த 92 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். விவாகரத்தான குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் மன நலத்திலும் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரியதாக இல்லை. இன்னும் இரண்டு விஷயம் அதில் தெரிந்தது. அப்பாவையோ அம்மாவையோ சாவுக்குக் கொடுத்த பிள்ளைகள், விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளைவிட நன்றாக இருந்தார்கள். ஒருவர் வீட்டில் இல்லாததுதான் காரணம் என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பாதிப்பு இருந்திருக்க வேண்டுமே! இரண்டாவது, பிரியாமல், ஆனால் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிற பெற்றோரின் பிள்ளைகள், விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளைவிட மோசமாக இருந்தார்கள்.

அதே 1991இல் ஆண்ட்ரூ செர்லினும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் 1958இல் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளை 7 வயதில் ஒருமுறை, 11 வயதில் ஒருமுறை சோதித்து வைத்திருந்தார்கள். இடைப்பட்ட நான்கு வருடத்தில் சிலருடைய பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 11 வயதில் அந்தப் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பின்னோக்கிப் போய் 7 வயதுப் பதிவைப் பார்த்தால், அப்பா அம்மா ஒரே வீட்டில் இருந்தபோதே, முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம், அந்தச் சிரமத்தில் பெரும்பகுதி தெரிந்திருக்கிறது. கோர்ட் படி ஏறுவதற்கு வருஷக்கணக்கில் முன்பே பிள்ளைக்கு அடி விழுந்தாயிற்று. நாம்தான் விவாகரத்துப் பேப்பர் வந்த தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம்.

சண்டை என்றால் பாத்திரம் பறக்கிற சண்டையை மட்டும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதைவிடப் பரவலான ஒரு சண்டை உண்டு. பேசாமல் இருப்பது. "உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு." "உங்கம்மாவ கேளு, கரண்ட் பில் கட்டியாச்சான்னு." இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு எட்டு வயசுப் பிள்ளை இந்தப் பக்கம் திரும்பி ஒன்று சொல்லும், அந்தப் பக்கம் திரும்பி ஒன்று சொல்லும். அது சொல்லும்போது வார்த்தைகளை மாற்றும். அம்மா "அவருக்கென்ன, வந்து கொட்டிக்கச் சொல்லு" என்று சொன்னதை "அப்பா, சாப்பிட வாங்களாம்" என்று திருத்தி எடுத்துப்போகும். யாரும் கற்றுக்கொடுக்காமல் அந்த வேலையை அது கற்றுக்கொண்டுவிட்டது. அப்படி வளர்ந்த பிள்ளைகளை வகுப்பில் எனக்கு அடையாளம் தெரியும். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் இவர்கள்தான் ஓடிப்போய் சமாதானம் செய்வார்கள். ரொம்ப நல்ல பிள்ளை என்று எல்லா ஆசிரியரும் சொல்வார்கள். எனக்கு அந்த நல்ல பிள்ளைகளைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசையும்.

இந்த மௌனத்தை மார்க் கம்மிங்ஸ் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். பல வருடங்களாகப் பெற்றோர் சண்டையும் பிள்ளைகளும் என்பதையே ஆய்வுப் பொருளாக வைத்திருப்பவர். வாய் திறந்து கத்துகிற கோபத்துக்கும், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற கோபத்துக்கும் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கலங்குகிறார்கள் என்று அவர் காட்டினார். "நாங்க பிள்ளைங்க முன்னாடி ஒரு வார்த்தை பேசிக்க மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிற பெற்றோர் இதைக் கேட்க வேண்டும்.

தூங்குகிற குழந்தைக்கு என்ன தெரியும் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு, 2013இல் வெளியானது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரையிலான குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து, அர்த்தமில்லாத வாக்கியங்களைச் சாதாரணக் குரலிலும் சந்தோஷக் குரலிலும் கோபக் குரலிலும் கேட்க வைத்தார்கள். பெற்றோருக்குள் சண்டை அதிகம் உள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளை, கடும் கோபக் குரலுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது. அதுவும் மன அழுத்தத்தோடும் உணர்ச்சிகளோடும் தொடர்புள்ள பகுதிகளில். தூக்கத்தில். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத வயதில்.

அப்படியானால் புருஷன் பெண்டாட்டி சண்டையே போடக் கூடாதா? அது நடக்கிற காரியமா! கம்மிங்ஸ் சொன்னதில் எனக்கு ஆறுதலாக இருந்த பகுதி இதுதான்: சண்டை முடிந்ததைப் பிள்ளை பார்த்துவிட்டால் அதன் கலக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கண்ணால் பார்க்காவிட்டாலும், "நேத்து ராத்திரி நாங்க சத்தம் போட்டோம்ல, அப்புறம் பேசி சரி பண்ணிட்டோம்" என்று காலையில் சொன்னாலே உதவுகிறது. நாம் செய்வது நேர் எதிர். சண்டையைப் பிள்ளை முன்னால் போட்டுவிட்டு, சமாதானத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம். பிள்ளைக்கு முதல் பாதி மட்டுமே தெரியும். இது ஒரு செலவும் இல்லாத மாற்றம். இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அமேட்டோவும் ஆலன் பூத்தும் அமெரிக்காவில் 1980இல் பேட்டி எடுத்த தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களிடமும் பேசி, 1997இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கடும் சண்டை நடக்கிற வீட்டில் பெற்றோர் பிரிந்தது பிள்ளைகளுக்கு நல்லதாகவே முடிந்தது. பெரிய சண்டை எதுவும் வெளியே தெரியாத வீட்டில் திடீரென்று பிரிந்தபோதோ, பிள்ளைகள் ரொம்பவே உடைந்துபோனார்கள். யோசித்தால் புரிகிறது. முதல் வீட்டுப் பிள்ளைக்கு அது விடுதலை. இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வீடு இரண்டாகிறது. நன்றாக இருப்பது போலத் தெரிகிற எதையும் நம்ப முடியாது என்ற பாடம்தான் அதற்கு மிஞ்சும்.

அடி உதை இருக்கிற வீட்டைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து கிடையாது. பிள்ளைக்காக அங்கே இருக்காதீர்கள். பிள்ளைக்காகவே வெளியே வாருங்கள். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் வருடச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவும் கேட்க முடியும். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

நம் ஊரில் விவாகரத்தைவிடப் பெரிய கூட்டம் ஒன்று கணக்கில் வராமல் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறவர்கள் என்று பதிவானவர்கள் கிட்டத்தட்ட அதைப்போல மூன்று மடங்கு. ஊரில் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி அத்துவிட்டவர்கள், அதுகூட இல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய் அப்படியே தங்கிவிட்டவர்கள். இந்தப் பிள்ளைகளின் நிலைமைதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாகத் தெரிகிறது. விவாகரத்து என்றால் தீர்ப்பு என்று ஒன்று இருக்கும். பிள்ளை யாரிடம், எந்தக் கிழமை யார் பார்க்கலாம், மாதம் எவ்வளவு பணம் என்று காகிதத்தில் எழுதியிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் எழுதப்படவில்லை. அப்பா வருவாரா, எப்போது வருவார், வந்தால் கூட்டிப் போய்விடுவாரா? என் வகுப்பில் ஒரு பையன் புத்தகப் பையின் அடியில் ஒரு செட் வீட்டு உடுப்பை மடித்து வைத்தே வருவான். பையைச் சோதித்தபோது கண்ணில் பட்டது. "எதுக்குப்பா?" என்று கேட்டேன். "இன்னிக்கு யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரியாது மிஸ்" என்றான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த பையன் அவன். பாதி நோட்டு ஒரு வீட்டில், மீதி நோட்டு இன்னொரு வீட்டில்.

சொந்தம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளிநாட்டு ஆய்வுகளில் தேட முடியாது. இங்கே இரண்டு பேர் பிரிந்தால் பிள்ளைக்குப் போவது ஒரு அப்பா மட்டும் இல்லை. அத்தை போகிறாள், சித்தப்பா போகிறார், அப்பத்தா போகிறாள், லீவுக்குப் போய் ஆட்டம் போட்ட அத்தை பிள்ளைகள் போகிறார்கள். குலசாமி கோயில்கூடப் போய்விடுகிறது. தாய்மாமன் சீர் வந்து நிறைந்துவிடும், ஆனால் சடங்கு வீட்டில் நலுங்கு வைக்க அத்தை எங்கே என்று கூட்டத்தில் யாரோ கேட்பார்கள். மஞ்சளும் பூவுமாக மணையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அந்தக் கேள்வி கேட்கும். பிரிந்த பிறகும் ஒரு அத்தை பிறந்தநாளுக்கு போன் செய்தால், ஒரு அப்பத்தா பலகாரம் கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பாதி உலகம் கையில் இருக்கிறது. அதைத் தடுக்காதீர்கள் என்று அம்மாக்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா வீட்டாரையும் கேட்கிறேன். மருமகள் மேல் உள்ள கோபம் பேத்தி மேல் எப்படிப் போகும்?

உறவுக்காரர்கள் காப்பாற்றவும் செய்கிறார்கள், கெடுக்கவும் செய்கிறார்கள். "வாழாவெட்டி" என்ற வார்த்தை இன்னும் நம் வீடுகளில் புழங்குகிறது. சொல்கிறவர்கள் அந்த அம்மாவைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். சோறு போடுகிற பாட்டியே, "உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்று சொல்வதும் உண்டு. அப்பனிடமிருந்து வந்த மூக்கையும் நடையையும் அந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

கோர்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் காப்பாளர் என்றால் முதலில் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்று எழுதியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் காப்பாளராக இருக்க முடியும் என்று விளக்கம் கொடுத்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், இருவரும் சேர்ந்து பொறுப்பெடுக்கும் கூட்டுக் காவல் முறையைப் பரிந்துரைத்தது. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் பெற்றோரோடு போனிலும் வீடியோ காலிலும் பேச பிள்ளைக்கு வழி செய்ய வேண்டும் என்றது. எல்லாவற்றிலும் அடிநாதமாக இருப்பது பிள்ளையின் நலன்தான்.

சட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது, நாம்தான் இன்னும் போகவில்லை. விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அந்த நாளுக்கு முந்தைய வாரம் வீட்டில் ஒத்திகை நடக்கிறது. "யார்கிட்ட இருக்கப் போறேன்னு கேட்டா என்ன சொல்லணும்?" வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அதை ஒப்பித்துவிட்டு வருகிற பிள்ளை, அதன் பிறகு வருஷக்கணக்கில் அந்தப் பதிலைச் சுமக்கிறது. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறது.

கோர்ட் வளாகத்தில் அப்பாவைப் பார்க்கப் போன ஒரு பையன் திங்கட்கிழமை என்னிடம் சொன்னான்: "அப்பா சட்டை வாங்கிட்டு வந்தாங்க மிஸ். பத்தல. ஆனா பத்தலன்னு நான் சொல்லல." கடைசியாகப் பக்கத்தில் இருந்தபோது பையன் எந்த அளவில் இருந்தானோ, அந்த அளவில் அப்பா எடுத்திருக்கிறார். அந்த அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா மேலும் வரவில்லை. உயரமும் சைஸும் எழுதி ஒரு வாட்ஸாப் செய்தி அனுப்புகிற அளவுக்காவது அவர்களுக்குள் பேச்சு இருந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

அப்படிப் பேச்சு வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி, சட்டப்படி பிரிந்து வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் வருவார்கள். ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்வார்கள். மகன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான். ரேங்க் கார்டில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களுக்குள் பாசம் மிச்சமிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, முகம் பார்த்துக்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மகனிடம் மற்றவரைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை சொன்னது கிடையாது. அந்தப் பையன் படிப்பில் சுமார்தான், ஆனால் கலகலப்பானவன், எதற்கும் பயப்படாதவன். மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய 1,400 குடும்பங்களை, சிலரை முப்பது வருடம் வரைகூடத் தொடர்ந்து பார்த்துவிட்டு, விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு நீடித்த பிரச்சினைகள் வருகின்றன, மற்ற வீடுகளில் பத்தில் ஒருவருக்கு வருகின்றன என்று எழுதினார். நான்கில் ஒன்று சின்ன எண் இல்லை. ஆனால் மீதி மூன்று பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அந்த மூவரில் ஒருவனாகத்தான் இவனைப் பார்க்கிறேன்.

பணத்தை விட்டுவிட முடியாது. பிரிவுக்குப் பிறகு பிள்ளை படும் பாட்டில் பாதி, பணம் பாதியாவதால் வருவது. வீடு மாறும், பள்ளிக்கூடம் மாறும், டியூஷன் நிற்கும். ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவியைப் பழிவாங்குவதாக நினைத்து நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு மாதப் பணமும் பிள்ளையின் ஃபீஸ்தான்.

அப்புறம் இந்த இனிஷியல். பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைச் சுமந்து திரிகிற நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விண்ணப்பப் படிவமும் ஒரு பரீட்சை. பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. அம்மா மட்டுமே வளர்க்கிற பிள்ளைக்கு பான் கார்டில் அப்பா பெயர் கட்டாயமில்லை என்று 2018இல் மாறியது. பள்ளிக்கூட மேஜைகளில் மட்டும் "அப்பா பேர் என்ன, அவர் ஏன் வரல?" என்ற கேள்வி அத்தனை பிள்ளைகளின் முன்னாலும் சத்தமாகக் கேட்கப்படுகிறது. என் சக ஆசிரியர்களே, அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். யார் மேல் தப்பு என்ற கதை வேண்டாம். சின்னப் பிள்ளைகள், தான் பால் குடிக்காததாலோ அடம் பிடித்ததாலோதான் அப்பா போய்விட்டார் என்று நம்பும், அதனால் "இதுக்கு நீ காரணமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒரு தடவை போதாது, பல தடவை. அதற்குப் பிறகு பிள்ளை கேட்கிற கேள்விகள் உங்களுக்குச் சில்லறையாகத் தெரியும். சைக்கிள் எந்த வீட்டில் இருக்கும்? தீபாவளிக்கு எங்கே? ஸ்கூல் இதேதானா? அவற்றுக்குத்தான் தெளிவான பதில் வேண்டும். ஸ்கூல் மாற்ற வேண்டியிருந்தால், எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் தைரியமாகப் போய்க் கேளுங்கள், டிசியை வைத்துப் பிள்ளையின் படிப்பை யாரும் நிறுத்த வேண்டாம். வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் கதை முழுக்க வேண்டியதில்லை. இனிமேல் யார் கூட்டிப்போக வருவார், உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும், எந்தெந்த நாளில் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வரும். இது தெரிந்தால், நோட்டு கொண்டுவராத திங்கட்கிழமைகளில் நாங்கள் அதை எழுப்பி நிற்க வைக்க மாட்டோம்.